ஏறேக்கையும் இறங்கேக்கையும்

வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்குக் காயத்தோடு வருபவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, "எப்படி அடிபட்டது?" என்பது. "பஸ்ஸாலை இறங்கேக்கை பக்கத்தாலை வந்த மோட்டார் சைக்கிள் தட்டிப்போட்டுது, டொக்டர்" என்று ஓர் அம்மா சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் "வீதி விபத்து" என்று இரண்டு சொல் விழும். அவர் சொன்னதில் மிகவும் பெறுமதியான சொல் "இறங்கேக்கை". பல நேரங்களில் விடுபட்டுப் போவதும் அதுதான்.

ஏன் பெறுமதியானது என்கிறேன் என்றால், அந்த ஒரு சொல் அவர் அந்த நேரத்தில் யாராக இருந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறது. பஸ்ஸுக்குள் இருக்கும்வரை அவர் பயணி. வீதியோரத்தில் நடக்கத் தொடங்கினால் பாதசாரி. ஒரு கால் மிதிபலகையிலும் மற்றக் கால் அந்தரத்திலுமாக, ஒரு கையில் கம்பியும் மறு கையில் சந்தைப் பையுமாக நிற்கும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் அவர் இரண்டுமல்ல. பயணிக்குரிய பாதுகாப்பு அவரைவிட்டுப் போய்விட்டது, பாதசாரிக்குரிய கவனம் இன்னும் வந்து சேரவில்லை. சாரதியின் கண் முன் வீதியில் இருக்கிறது. நடத்துநர் மீதிக்காசு எண்ணுகிறார். இறங்குபவரின் கண் தன் காலடியில் இருக்கிறது. பின்னால் வருபவருக்கோ பஸ்ஸின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. நாலு பேர் இருந்தும், மோதப்போகிற இடத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

இப்படி ஏறும்போதும் இறங்கும்போதும் நடக்கும் மோதல்களை மருத்துவ உலகம் தனி வகையாகவே கணக்கெடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாவது பதிப்பு, சுருக்கமாக ஐ.சி.டி.-10, 1990 இல் உலக சுகாதாரப் பேரவையால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நோய்களுக்கு மட்டுமன்றி, காயம் எப்படி வந்தது என்பதற்கும் அதில் குறியீடுகள் உண்டு. போக்குவரத்து விபத்துகள் "வி" என்ற எழுத்தில் தொடங்கும். அந்தக் குறியீட்டை வாசிக்கப் பழகினால் ஒரு விபத்தை எப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

வி 72.4 என்ற குறியீட்டை எடுங்கள். முதல் இலக்கமான 7, காயப்பட்டவர் எதில் பயணித்தவர் என்பதைச் சொல்கிறது. 7 என்றால் பஸ். 1 சைக்கிள், 2 மோட்டார் சைக்கிள், 3 முச்சக்கர வண்டி, 4 கார், 5 பிக்கப் அல்லது வான், 6 லொறி போன்ற கனரக வாகனம். அடுத்த இலக்கம் எதனோடு மோதல் என்பது. 2 என்றால் இரண்டு அல்லது மூன்று சில்லு மோட்டார் வாகனம். புள்ளிக்குப் பின்னால் வரும் 4 தான் எங்கள் விஷயம்: ஏறும்போது அல்லது இறங்கும்போது காயப்பட்டவர். ஆக அந்த அம்மாவின் கதை முழுவதும் வி 72.4 என்பதற்குள் அடங்கிவிடுகிறது. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மட்டும் இந்தக் கடைசி இலக்கம் 4 ஆக இல்லாமல் 3 ஆக இருக்கும். அவற்றில் வெளியே தொங்கிக்கொண்டு போகிறவர் என்ற வகை இல்லாததால் வரிசை ஒன்று குறைகிறது. ஆம், மிதிபலகையில் தொங்குகிறவருக்கும் இந்த வகைப்பாட்டில் தனி இலக்கம் உண்டு.

இதே அம்மா இறங்கி, பஸ்ஸின் முன்பக்கத்தால் வீதியைக் கடக்கப் போய் அடிபட்டிருந்தால் அவர் பாதசாரி. குறியீடு வேறு வரிசைக்குப் போய்விடும். சம்பவங்களுக்கு இடையில் பத்து விநாடி வித்தியாசம்கூட இராது. ஆனால் தடுக்கும் வழி முற்றிலும் வேறு. முதலாவதற்கு பஸ் நிற்கும் முறையைத் திருத்த வேண்டும். இரண்டாவதற்கு பஸ் போகும்வரை காத்து நிற்கும் பழக்கம் வேண்டும். எல்லாவற்றையும் "வீதி விபத்து" என்ற ஒரே பெட்டிக்குள் போட்டால் எந்தத் தரிப்பிடத்தில் எதைத் திருத்துவது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

இடப்பக்க இடைவெளி

இலங்கையில் வாகனங்கள் வீதியின் இடப்பக்கத்தால் ஓடுகின்றன. பஸ்ஸின் வாசலும் இடப்பக்கம். அதனால் இறங்குபவர் வீதியின் ஓரத்துக்குத்தான் இறங்குகிறார், நடுவீதிக்கு அல்ல. கேட்கும்போது பாதுகாப்பாகத்தான் தெரிகிறது. யாழ்ப்பாணத்து வீதிகளில் அந்த ஓரம் வெறுமையாக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

காலை ஏழரை மணிக்குப் பலாலி வீதியில் திருநெல்வேலிச் சந்தையடியில் நின்று பாருங்கள். மினிபஸ் வந்து நிற்கிறது. முழுதாக ஓரத்துக்கு வருவதில்லை. தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் ஒரு விளிம்பு இருக்கிறது, அதில் இடப்பக்கச் சில்லை இறக்கினால் வண்டி சரியும், திரும்ப ஏற்றுவது கரைச்சல் என்று சாரதி தாரிலேயே நிறுத்துகிறார். இப்போது பஸ்ஸின் வாசலுக்கும் வீதியின் எல்லைக்கும் இடையில் ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் அகலத்தில் ஓர் ஒழுங்கை தானாகவே உருவாகிவிடுகிறது. ரியூசனுக்குப் போகும் பொடியன் சைக்கிளை அதற்குள் விடுகிறான். வேலைக்குப் பிந்திய ஒருவர் மோட்டார் சைக்கிளை விடுகிறார். வலப்பக்கத்தால் முந்தினால் எதிரே லொறி வரும் என்று அவர்கள் நினைக்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. பஸ்ஸின் உடம்பு மறைப்பதால் வாசலில் ஒருவர் காலை வெளியே வைப்பது, அவர்கள் வாசலுக்கு நேரே வரும்வரை தெரியாது.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் சைக்கிள் விநாடிக்கு 4 மீற்றருக்கு மேல் நகர்கிறது. ஆபத்தைக் கண்டு கை பிறேக்குக்குப் போகவே ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். மணிக்கு 40 இல் வரும் மோட்டார் சைக்கிள் அந்த ஒரு விநாடியில் 11 மீற்றர் ஓடிவிடும், அது ஒரு பஸ்ஸின் நீளம். அதாவது பஸ்ஸின் பின் மூலையைத் தாண்டும்போது முன்வாசலில் ஒரு கால் தெரிந்தால், பிறேக் பிடிக்கத் தொடங்கும் இடமே அந்தக் கால் இருக்கும் இடம்தான். எவ்வளவு நல்ல ஓட்டுநராக இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

ஆகையால் இந்த மோதலைத் தடுப்பதில் முதல் பங்கு பஸ் சாரதிக்குத்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாதபடி ஓரத்தோடு ஓரமாக நிறுத்தினால் அந்த இடைவெளியே இல்லாமல் போகிறது. அது முடியாத இடத்தில் இடப்பக்கச் சிக்னலைப் போட்டு, இடக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் பிறகு கதவைத் திறக்க வேண்டும், அல்லது நடத்துநர் முதலில் கீழே இறங்கி நின்று பின்னால் வருகிறவர்களைக் கையால் மறிக்க வேண்டும். எங்கள் நடத்துநர்களில் சிலர் இதை அருமையாகச் செய்கிறார்கள். "பொறுங்கோ அம்மா, சைக்கிள் ஒண்டு வருது" என்று கம்பியில் பிடித்தபடி ஒரு கையை நீட்டித் தடுப்பார்கள். இதை எந்தப் பயிற்சியும் இல்லாமல் அனுபவத்தால் பழகியிருக்கிறார்கள். எல்லா நடத்துநர்களுக்கும் இது கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும்.

சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிறவர்களுக்கு ஒன்று. முன்னால் பஸ் இடப்பக்கச் சிக்னலோடு வேகம் குறைக்கிறது என்றால் ஆட்கள் இறங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்த இடைவெளிக்குள் போகாமல் பின்னாலேயே நில்லுங்கள். அரை நிமிடம் கூடச் செல்லாது.

கதவு திறக்கும் நொடி

காரில் நிலைமை தலைகீழ். இங்கே பெரும்பாலும் காயப்படுபவர் இறங்குகிறவர் அல்ல, அவர் திறந்த கதவில் வந்து மோதுகிறவர். எனவே குறியீட்டில் அவர் சைக்கிளோட்டியாகவே பதிவாவார். ஆனால் விபத்தின் காரணம் அதே நொடிதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்கு இருபது வயதிருக்கும். நல்லூர்ப் பக்கம் ஒரு மருந்துக்கடைக்கு முன்னால் மாமாவின் கார் நின்றது. அப்பாவுக்கு மருந்து வாங்க வேண்டும், கடை பூட்டுகிற நேரம். பின் சீற்றில் இடப்பக்கம் இருந்த நான் கதவைத் தள்ளித் திறந்தேன். இடப்பக்கம்தானே, வீதி வலப்பக்கம் அல்லவா என்றுகூட நினைக்கவில்லை, எதையுமே நினைக்கவில்லை. பாடசாலைச் சீருடையில் சைக்கிளில் வந்த ஒரு பிள்ளை கதவின் விளிம்பில் மோதி, தோள் நிலத்தில் அடிபட விழுந்தாள். சாப்பாட்டுப் பெட்டியின் மூடி உருண்டு வாய்க்காலுக்குள் விழுந்த சத்தம் இன்றைக்கும் கேட்கிறது. இடது கையை வலது கையால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி எழும்பி இருந்து அவள் என்னிடம் கேட்டது: "அக்கா, சைக்கிள் உடைஞ்சிட்டுதோ?" காறை எலும்பு முறிந்திருந்தது. மூன்று வாரத்துக்கு மேல் கைத்தூளி கட்டியிருந்தாள். அந்தத் தவணைப் பரீட்சையை அவள் எழுதவில்லை.

அன்றைக்கு எனக்கு ஒருவரும் சொல்லித் தராத ஒரு சின்னப் பழக்கம் இருக்கிறது. கதவுக்குத் தூரத்தில் இருக்கும் கையால் கதவைத் திறப்பது. சாரதி ஆசனம் எங்களுக்கு வலப்பக்கம். சாரதி வலக் கையால் திறந்தால் உடம்பு நேரே முன்னோக்கியே இருக்கும், கதவு மட்டும் வெளியே போகும். இடக் கையால் திறக்க முயன்று பாருங்கள். தோள் தானாகத் திரும்பும், தலை தானாகத் திரும்பும், கண் முதலில் பக்கக் கண்ணாடியையும் பிறகு பின்வீதியையும் காணும். கதவும் ஒரேயடியாகத் திறக்காமல் மெதுவாகத் திறக்கும். பின் சீற்றில் இடப்பக்கம் இருப்பவர் வலக் கையால் திறக்க வேண்டும். சைக்கிள்கள் நிறைந்த நெதர்லாந்தின் பேரால் இதை டச்சு முறை என்பார்கள். எங்களைப் போலவே இடப்பக்கத்தால் வாகனம் ஓட்டும் பிரித்தானியா, 2022 ஜனவரியில் தன் நெடுஞ்சாலை விதிக்கோவையில் இதை ஆலோசனையாகச் சேர்த்தது. அதற்கு வெகு முன்பே, 1968 இன் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையின் 24 ஆவது உறுப்புரை, வீதியில் போகும் மற்றவர்களுக்கு ஆபத்து வராது என்று உறுதிசெய்யாமல் கதவைத் திறப்பதையும், திறந்தே விடுவதையும், இறங்குவதையும் தடைசெய்கிறது.

பிள்ளைகளுக்கு இதைக் காரை வீட்டு முற்றத்தில் நிறுத்திவைத்து விளையாட்டாகவே பழக்கலாம். சொல்லிக் கொடுப்பதைவிட ஐந்து தடவை செய்துபார்ப்பது அவர்களுக்கு நிற்கும்.

நிறுத்தியிருக்கும் கார்களின் வரிசையைச் சைக்கிளில் கடக்கும்போது ஒரு கதவின் அகலமாவது, ஏறத்தாழ ஒரு மீற்றர், விலகிப் போங்கள். அப்போதுதான் நின்ற காருக்குள் தலை தெரிந்தால், பிறேக் லைற் அணைந்தால், முன் சில்லு நேராகத் திரும்பினால், ஆள் இறங்கப் போகிறார் என்று முன்கூட்டியே ஊகிக்க அவகாசம் கிடைக்கும்.

ஓடும் பஸ்

பஸ் முழுதாக நிற்பதற்கு முன்பே இறங்குவது எங்களூரில் ஒரு திறமையாகப் பார்க்கப்படுகிறது. "சும்மா ஸ்லோ பண்ணினால் போதும், நான் இறங்கிடுவன்" என்று சொல்கிறவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். நடந்துபோகிற வேகத்தின் இரண்டு மடங்கு, மணிக்கு 10 கிலோமீற்றர் என்று வைத்தாலும், உங்கள் உடம்பு விநாடிக்கு 2.8 மீற்றர் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. தரையைத் தொட்ட கால் நின்றுவிடும், உடம்பு நிற்காது. பஸ் போகும் திசையைப் பார்த்து இறங்கினால் முகம்குப்புற விழலாம். பின்னோக்கியோ பக்கவாட்டாகவோ இறங்கினால் பின்தலை தாரில் அடிபடும். சேலையோடு, கையில் பையோடு இறங்கும் பெண்கள் பலர் பக்கவாட்டாகத்தான் இறங்குகிறார்கள், அதனால் இது அவர்களுக்குக் கூடிய ஆபத்து.

இன்னும் கொடுமையானது, விழும் இடம். முன்வாசலால் தவறி விழுபவர் வாசலுக்கும் பின் சில்லுக்கும் இடையில் விழுகிறார். பஸ் இன்னும் நகர்கிறது. நடத்துநர் "றைட்" என்றுவிட்டால் அல்லது மணியை அடித்துவிட்டால் சாரதிக்கு அந்த விழுகை தெரிய வழியே இல்லை. ஏறும்போதும் இதேதான். ஒரு கால் மிதிபலகையில் வைத்தவுடன் பஸ் எடுத்தால் கை கம்பியில் தொங்கும், மற்றக் கால் தரையில் இழுபடும். ஒரே வழித்தடத்தில் இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்தி ஆள் ஏற்ற ஓடும்போது அந்த "றைட்" எப்போதும் ஒரு விநாடி முன்னதாகவே வருகிறது.

நீங்கள் இறங்க வேண்டிய இடத்துக்கு முந்தைய தரிப்பிடத்திலேயே எழும்பிவிடாதீர்கள். "ஆஸ்பத்திரியடி இறக்கம்" என்று குரல் கொடுத்துவிட்டு, பஸ் முழுதாக நின்ற பிறகு எழும்பலாம், வயதானவர்களை யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை. இடுப்பு எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பதைவிட ஒரு நடத்துநரின் ஏச்சு சிறியது. பையைத் தோளில் கொழுவி ஒரு கையாவது வெறுமையாக இருக்கட்டும். சேலை முந்தானை, பையின் வார், சால்வையின் நுனி கதவில் சிக்காமல் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மிதிபலகையில் நின்றபடி பின்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அந்த ஒரு பார்வைதான் முன்பு சொன்ன இடைவெளியில் வருகிறவரைக் காட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கவனம். மிதிபலகை வழுக்கும், வீதியோர வெள்ளத்துக்குக் கீழே வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அதனால் ஆட்கள் தண்ணீரைத் தவிர்த்து பஸ்ஸை ஒட்டியே நடக்கிறார்கள், பஸ் எடுக்கும்போது பின் சில்லுக்கு மிக அருகில் இருப்பார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் பஸ்கள் நிறைந்து வழியும்போது மிதிபலகையில் நிற்பவர்கள் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. எத்தனை தடவை ஏறி இறங்குகிறோமோ அத்தனை தடவை அந்த ஆபத்து நொடிக்குள் போய்வருகிறோம்.

மற்ற வாகனங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஓட்டோவில் எப்போதும் இடப்பக்கத்தால் இறங்குங்கள். வலப்பக்கம் கம்பி போட்ட ஓட்டோ என்றால் பிள்ளைகளோடு போக நிம்மதி. மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறுகிறவர் ஓட்டுபவர் இரண்டு காலையும் ஊன்றி, "ஏறுங்கோ" என்று சொன்ன பிறகு இடப்பக்கத்தால் ஏற வேண்டும். புகைபோக்கி பொதுவாக வலப்பக்கம் இருப்பதால் கெண்டைக்கால் சுடுபடாமலும் இருக்கும். சேலையோடு ஒருபக்கமாக இருப்பவர்கள் இறங்கும்போது முந்தானையை முதலில் மடியில் சேர்த்துவிட்டு இறங்குங்கள். ரயிலில் மேடைக்கும் பெட்டிக்கும் இடையில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள், நகரத் தொடங்கிய யாழ்தேவியில் ஓடி ஏறாதீர்கள்.

பிள்ளைகளைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்ல மனம் வரவில்லை. பாடசாலை வானிலிருந்தோ பஸ்ஸிலிருந்தோ இறங்கும் சிறு பிள்ளை உடனே வாகனத்தின் முன்பக்கத்தால் ஓடும், ஏனென்றால் வீதிக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்கிறார், அல்லது அம்மம்மா கையைக் காட்டுகிறார். பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு நேர் கீழே வரும் சிறு பிள்ளையைச் சாரதியின் ஆசனத்தில் இருந்து பார்க்க முடியாது. வலப்பக்கத்தால் முந்தி வருகிறவருக்கும் தெரியாது. பிள்ளையை அழைத்துப் போக வருகிறவர் வாகனம் நிற்கும் பக்கத்திலேயே, வாசலடியிலேயே நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்று கையைக் காட்டவே கூடாது. வீதியைக் கடப்பது வாகனம் போய், இரண்டு பக்கமும் வெளித்த பிறகு.

உடம்பில் என்ன நடக்கிறது

இந்த வகை மோதலில் காயங்கள் சில இடங்களையே திரும்பத் திரும்பத் தேடி வருகின்றன. இறங்குபவரின் முழங்காலும் கணைக்காலும் மோட்டார் சைக்கிளின் சில்லுக்கும் காரின் பம்பருக்கும் நேரான உயரத்தில் இருக்கின்றன. அதனால் கணைக்கால் எலும்பு முறிவு. அந்த எலும்பின் முன்பக்கம் தோலுக்கு நேர் கீழேயே இருப்பதால் முறிந்த முனை தோலைக் கிழித்து வெளியே வரலாம். விழும்போது கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியும், வயதானவர்கள் பக்கவாட்டாக விழுந்தால் இடுப்பு. கதவில் மோதும் சைக்கிளோட்டிக்கு முகம், பல், விரல், காறை எலும்பு.

வெளியே சிறிதாகத் தெரிந்து உள்ளே பெரிதாக இருக்கும் மூன்று காயங்களை மட்டும் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இவற்றில்தான் ஆட்கள் "ஒண்டுமில்லை" என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஒன்று, காலின் மேல் சில்லு ஏறி இறங்கியது. தோல் கிழியாமலே, தோலும் கொழுப்பும் கீழே உள்ள தசையிலிருந்து உரிந்து பிரிந்துவிடலாம். பார்த்தால் கண்டலும் வீக்கமும்தான். ஆனால் அந்தத் தோலுக்கு இரத்தம் போகாது, சில நாளில் கறுத்துப் போகும். பாதத்தின் மேல் சில்லு ஏறினால் எலும்பு முறியாவிட்டாலும் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மற்றது சைக்கிள் ஹான்டிலின் முனை வயிற்றில் குத்துவது. வெளியே ஒரு ரூபாய்க் குற்றியளவு வட்டக் கண்டல். உள்ளே மண்ணீரல், கல்லீரல், கணையம் கிழிந்திருக்கலாம். வயிற்றுவலி கூடிக்கொண்டு போனாலோ, சத்தி எடுத்தாலோ, முகம் வெளிறி வியர்த்தாலோ காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது தலை. காதுக்குச் சற்று மேலே மண்டையோடு மெல்லியது, அதன் உட்பக்கம் ஓர் இரத்தநாடி ஓடுகிறது. அடிபட்டுச் சிறிது மயங்கி, பிறகு எழும்பித் தெளிவாகக் கதைத்து, தேத்தண்ணியும் குடித்தவர், சில மணி நேரத்தில் தலையிடி, சத்தி, தூக்கக் கலக்கம் என்று திரும்ப மங்கத் தொடங்கலாம். இடையில் வந்த தெளிவு ஏமாற்றும். தலையில் அடிபட்டவரைத் தனியே விட்டுவிடாதீர்கள், மயங்கினவரையோ சத்தி எடுத்தவரையோ உடனே கொண்டுபோங்கள்.

அந்த இடத்தில் நிற்பவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அது பெரிது. முதலில் பஸ்ஸை நகரவிடாதீர்கள், ஆள் சில்லுக்குப் பக்கத்தில் கிடக்கலாம். பின்னால் வரும் வாகனங்களை மறிக்க ஒருவர் போகட்டும். 1990 க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமில்லாமல் வரும். கழுத்தோ முதுகோ அடிபட்டிருக்கலாம் என்றால் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஓட்டோவுக்குள் மடித்து ஏற்ற வேண்டாம். எங்கள் சனத்துக்கு உதவும் மனம் நிறைய உண்டு, அந்த அவசரத்தில்தான் இந்தப் பிழை நடக்கிறது. இரத்தம் பாயும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்துங்கள். கோப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் போட வேண்டாம், சத்திரசிகிச்சைக்கு முதல் அதைக் கழுவி எடுப்பதே ஒரு வேலையாகிவிடும். கதவில் நசிந்து விரல் துண்டாகியிருந்தால் துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் காயப்பட்டவரோடே அனுப்புங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக்கூடாது. சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் குடிக்கவோ தின்னவோ கொடுக்க வேண்டாம், சோடாகூட.

வைத்தியசாலையில் கேட்கும்போது, பொலிசில் முறைப்பாடு எழுதும்போது, நடந்ததை இந்த ஒழுங்கில் சொல்லுங்கள்: எந்த வாகனத்தில் வந்தீர்கள், அது நின்றிருந்ததா அசைந்துகொண்டிருந்ததா, நீங்கள் ஏறிக்கொண்டிருந்தீர்களா இறங்கிக்கொண்டிருந்தீர்களா, உங்களை மோதியது எது, எந்தப் பக்கத்தால் வந்தது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி இலங்கையில் எல்லா மோட்டார் வாகனங்களுக்கும் கட்டாயம் என்பதால் இழப்பீடு கேட்கும்போதும் இந்த விபரம்தான் தேவைப்படும். சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்காகக் கூடப் போகிறவர் சொல்லலாம். "மினிபஸ் நிண்டது. அம்மா இறங்கிக்கொண்டிருந்தவ, ஒரு கால் மிதிபலகையிலை. இடப்பக்கத்தாலை மோட்டார் சைக்கிள் வந்து இடிச்சது." எழுதுபவர் "இறங்கும்போது" என்று எழுதுகிறாரா என்று பார்த்து, எழுதாவிட்டால் அதையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.